காலியாகக் கிடக்கும் கடைக் கட்டிடத்துக்குப் புதிய பயன் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆறு மாதத்துக்கு மேல் ஷட்டர் திறக்கப்படாமல் கிடக்கும், ஒரு தளமோ இரண்டு தளமோ கொண்ட கான்கிரீட் கட்டிடத்தை வைத்திருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களையும் பாலக்கோடு, காவேரிப்பட்டணம், அரூர், பர்கூர் போன்ற ஊர்களின் கடைத் தெருக்களையும் மனத்தில் வைத்தே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய ஜவுளிக்கடைக் கட்டிடம் ஒன்றை இப்படி மாற்றி அமைத்த பிறகு, அதே வேலையில் இறங்கிய தெரிந்தவர்கள் சிலருக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். பெரும்பாலோர் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: என்ன தொழில் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் கட்டிடத்தைத் திணிக்கப் பார்த்தார்கள். ஆவணமும் கட்டிடத்தின் உடல்வாகும் தெருவும் எவற்றையெல்லாம் மறுக்கின்றன என்று பார்த்து, மிஞ்சுவதிலிருந்து தேர்ந்தெடுத்தால் செலவும் குறைகிறது, சண்டையும் குறைகிறது. கீழுள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது.

1. ஆவணங்களை முதலில் திரட்டுங்கள்

பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், மூலப் பத்திரங்கள், 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட கட்டிட வரைபடம், கடைசி அரையாண்டு சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடிநீர் இணைப்பு எண் ஆகிய ஏழும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பெறலாம். பிறகு தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது தவறு. கடன் வாங்கித் தொழில் தொடங்க வரும் நல்ல வாடகைதாரரின் வங்கி முதல் வாரத்திலேயே இவற்றைக் கேட்கும், இல்லையென்றால் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

தந்தை காலமான பின் பட்டா பெயர் மாறாமல் கிடப்பது நம் பகுதியில் மிகச் சாதாரணம். வாரிசுச் சான்றை வட்டாட்சியர் அலுவலகம் வழியே பெற்று, எல்லா வாரிசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ, பெங்களூரில் இருக்கும் தம்பி தன் சார்பில் ஒருவருக்குப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் தரவோ ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வாரிசு மட்டும் கையெழுத்திட்டு அட்வான்ஸ் வாங்கிய கட்டிடங்கள், மற்றவர் வழக்குத் தொடுத்ததும் மறுபடி பூட்டப்பட்டதை இரண்டு முறை பார்த்தேன்.

வரைபடத்தில் ஒரு தளம்தான் இருந்து, நேரில் இரண்டு தளம் நின்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உரிமம் தேவைப்படும் எந்தப் பயனுக்கும் மேல்தளத்தைக் காட்ட முடியாமல் போகும்.

2. ஏன் காலியானது என்பதைக் கண்டுபிடியுங்கள்

பழைய வாடகைதாரரையும் இருபுறமும் கடை வைத்திருப்பவர்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கட்டிடம், தெரு, அல்லது கேட்ட வாடகை. ஓதம் ஏறிய சுவரும் ஒழுகும் தளமும் காரணமென்றால் பழுது பார்த்தாலே பழைய தொழில் திரும்பி வரும். புதிய பயன் தேடும் வேலையே இருக்காது.

தெரு காரணமாக இருந்தால் கதை வேறு. புறவழிச்சாலைக்கு வண்டிகள் போய்விட்டதாலோ, பேருந்து நிறுத்தம் நகர்ந்ததாலோ, சாலை நடுவே தடுப்புச் சுவர் எழும்பி இரு சக்கர வண்டி திரும்ப முடியாமல் போனதாலோ கடை படுத்திருந்தால், போகிறவர் வருகிறவரை நம்பும் எந்தத் தொழிலும் அங்கே மறுபடி படுக்கும். அப்போது, தேடி வருகிறவர்களால் நடக்கும் பயன்களை மட்டுமே எண்ணிப் பார்க்க வேண்டும்: பெண்கள் விடுதி, போட்டித் தேர்வுக்கான வாசிப்புக் கூடம், இரத்தப் பரிசோதனை நிலையம், தையல் கூடம், பொட்டலமிடும் கூடம் போன்றவை.

3. கட்டிடத்தின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு தளம் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்பது அதன் பயனைப் பொறுத்தது. இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பகுதிப்படி வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும், வகுப்பறைக்கு 300 கிலோவும், சில்லறைக் கடைக்கு 400 கிலோவும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. கிடங்கு என்றால் அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 240 கிலோ வீதம், குறைந்தது 750 கிலோவுக்கு வடிவமைத்திருக்க வேண்டும். நூலக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயர அலமாரிக்கே 600 கிலோ ஆகிறது.

இந்த எண்களை வைத்துப் பாருங்கள். ஜவுளிக்கடையாக இருந்த மேல்தளம் விடுதிக்கும் வகுப்புக்கும் தாராளமாகப் போதும். அதே தளத்தில் காகிதக் கட்டுகளை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும். கேழ்வரகு மூட்டைகளும் அதற்கு அருகில் வந்து நிற்கும். “சும்மா கிடக்கிற மாடியைக் குடோனுக்கு விடலாமே” என்று தரகர் சொல்லும்போது, மாடி சும்மா கிடப்பதே மேல் என்று பதில் சொல்லுங்கள். கிடங்கு வேண்டுமென்றால் அது தரைத்தளத்தில் மட்டும்.

மேலே சொன்னவை முறையாக வடிவமைக்கப்பட்ட கட்டிடத்துக்கான எண்கள். மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பி எழுப்பிய பழைய கட்டிடங்கள் நம் கடைத் தெருக்களில் நிறைய இருக்கின்றன. அவற்றில் கம்பி எவ்வளவு, எங்கே என்று யாருக்கும் தெரியாது. உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, ஸ்லாப்பின் கனம், பீம்களுக்கு இடையிலான தூரம், துருப்பிடித்த கம்பி தெரியும் இடங்கள் ஆகியவற்றைப் பார்த்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். மக்கள் கூடும் பயன்களுக்கு உறுதித்தன்மைச் சான்று எப்படியும் கேட்கப்படும் என்பதால், இந்தச் செலவு வீணாகாது.

அவர் வந்திருக்கும்போதே மூன்று அளவுகளையும் எடுத்துவிடுங்கள். மாடிப்படியின் அகலம் முதலாவது. ஒரே குறுகிய படி கொண்ட மேல்தளத்தில் நூறு பேர் கூடும் மினி ஹாலுக்கு இடமில்லை, தீ பிடித்தால் இறங்க வழியிராது. தளத்தின் ஆழம் இரண்டாவது. முன்புறம் மட்டும் திறப்பும் மூன்று பக்கமும் பொதுச் சுவரும் உள்ள நீளமான கடைகளில் உட்பகுதிக்குக் காற்றும் வெளிச்சமும் எட்டாது, ஆகவே ஆள் தங்கும் பயன் அங்கே பொருந்தாது. செப்டிக் டேங்கின் கொள்ளளவு மூன்றாவது.

செப்டிக் டேங்கைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். எங்கள் கட்டிடத்தின் மாடியைப் பெண்கள் விடுதியாக்க முடிவு செய்து, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று முதலில் தரைக்கு டைல்ஸ் போட்டோம். ஆறு ஊழியர்களுக்காகக் கட்டிய தொட்டி நாற்பது பேருக்குப் போதாது என்பது அதன் பிறகே உறைத்தது. புதுத் தொட்டிக்கும் குழாய்க்கும் வழி எடுக்க, போட்ட டைல்ஸில் மூன்றில் ஒரு பங்கை நாங்களே உடைத்தோம்.

4. தண்ணீரையும் மின்சாரத்தையும் எண்ணிப் பாருங்கள்

கடைக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. மற்ற பெரும்பாலான பயன்களுக்கு அதுதான் எல்லை. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு விடுதியில் தங்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு 45 லிட்டரும் கணக்கிடுகிறது. நாற்பது பேர் விடுதிக்கு 5,400 லிட்டர். ஆழ்துளைக் கிணறு கோடையில் எவ்வளவு தருகிறது என்பதை ஏப்ரல், மே மாதங்களில் அளக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்து ஏமாந்தவர்கள் கோடை முழுவதும் டேங்கர் லாரிக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு ஆதாரமே இல்லாத நிலையில் 1.5 வரை ஏற்கலாம் என்பது தரநிலை. உங்கள் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். சமையல், உணவுப் பொட்டலம், மருத்துவம் என்று எதைத் தொடங்க வருபவரும் கேட்கப்போகும் தாள் அது. குடிக்க நகராட்சி நீரும் புழங்கக் கிணற்று நீருமாக இரண்டு குழாய் வரிசைகளைத் தனித்தனியே எடுப்பதுதான் நீண்ட நாளைக்கு மலிவு.

மின்சாரத்தில் இரண்டு கேள்விகள். அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு, இணைப்பு எந்தக் கட்டண வீதப் பட்டியலில் இருக்கிறது? பயன் மாறினால் வீதமும் மாற வேண்டியிருக்கலாம். வாடகைதாரர் சொல்லாமல் மாற்றிப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அந்தப் பயனுக்குரிய வீதத்தைப் போல் இரு மடங்கு மதிப்பிட்டு வசூலிப்பார்கள். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் கடிதமும் உங்கள் வாசலுக்கே வரும். ஆகவே வீத மாற்ற விண்ணப்பம் கொடுத்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

5. தெருவோடு ஒரு வாரம் உட்காருங்கள்

காலை ஆறு, பத்து, மாலை நான்கு, இரவு எட்டு என்று நான்கு வேளையும் கட்டிடத்துக்கு எதிரே அரை மணி நேரம் இருந்து யார் போகிறார்கள் என்று எழுதுங்கள். அந்த வாரத்தில் சந்தை நாளும் ஒரு முகூர்த்த நாளும் கட்டாயம் வர வேண்டும். அந்த இரண்டு நாட்களில் தெரு வேறு தெருவாக இருக்கும்.

பிறகு ஆட்களிடம் பேசுங்கள். “இங்கே என்ன வந்தால் நன்றாக இருக்கும்?” என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் மார்க்கெட் என்றோ பேக்கரி என்றோ சொல்வார்கள், வந்த பிறகு வாங்க வரமாட்டார்கள். “போன மாதம் எதற்காகவெல்லாம் பஸ் ஏறினீர்கள்?” என்று கேளுங்கள். சேலத்துக்குப் பிசியோதெரபிக்குப் போனேன், மகள் படிக்க இடமில்லாமல் தோழி வீட்டுக்குப் போகிறாள், நைட்டி தைக்கத் துணி கொடுத்துவிட்டு வாங்கி வருகிறேன் என்று வரும் பதில்களில்தான் தேவை இருக்கிறது. ரேஷன் கடை வரிசை, ஆட்டோ நிறுத்தம், மருந்துக்கடை, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஆகிய நான்கும் கேட்க ஏற்ற இடங்கள். முப்பது பேரிடம் கேட்டால் பதில்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்; அத்தோடு நிறுத்தலாம்.

6. மிஞ்சியதிலிருந்து தேர்ந்தெடுங்கள்

ஆவணம், கட்டிடம், தெரு ஆகியவை எவற்றை மறுக்கின்றன என்ற மூன்று பட்டியல்கள் இப்போது உங்கள் கையில் இருக்கும். அவற்றைத் தாண்டி எது நிற்கிறது என்று பார்க்கும்போது, நம் பகுதியில் வழக்கமாக வரும் சில யோசனைகளைப் பற்றி என் கருத்து இது.

மாம்பழப் பருவத்தை நம்பி ஊருக்குள் இருக்கும் கட்டிடத்தைத் தரம் பிரிக்கும் மண்டியாக்குவது வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை லாரி நிறுத்த இடம் வேண்டும், மற்ற எட்டு மாதம் மறுபடி காலி. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத் தக்காளிக்கும் இதே பதில்தான். அவற்றுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்தான் பொருத்தம்.

சாமை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களைச் சுத்தம் செய்து பொட்டலமிடும் கூடம் தரைத்தளத்துக்கு நன்றாகப் பொருந்தும், ஆண்டு முழுதும் நடக்கும். அரைக்கும் இயந்திரம் சேர்ந்தால் தூசியும் சத்தமும் வரும் என்பதால், பொதுச் சுவர் கொண்ட கட்டிடத்தில் பொட்டலமிடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பர்கூர் ஜவுளி வியாபாரத்தை ஒட்டித் தையல் கூடங்களுக்குக் கேட்பு உண்டு. மாடிக்கு ஏற்ற எடை, மும்முனை மின்சாரம், நல்ல வெளிச்சம், பெண்களுக்கான கழிவறை இவ்வளவே வேண்டும். ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் நிறுவனப் பேருந்தில் போய்வரும் பெண்களுக்கான விடுதி நல்ல வருமானம் தரும். ஆனால் ஆறு பேருக்கு ஒரு கழிவறை வீதம் கட்டவும், உரிமம் எடுக்கவும், காப்பாளர் வைக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கான வாசிப்புக் கூடம் மிகக் குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடியது. மேசை, நாற்காலி, மின்விசிறி, சுத்தமான கழிவறை, இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் கதவு போதும். வருமானம் பெரிதாக இராது. கட்டிடம் பூட்டிக் கிடக்காது.

பெரிய ஷோரூமுக்கு ஆள் கிடைக்காமல் அலைபவர்கள், பயனை மாற்றுவதற்கு முன் அளவை மாற்றிப் பாருங்கள். 2,400 சதுர அடிக்கு ஒருவரைத் தேடுவதைவிட, முன்பக்கம் தலா 200 சதுர அடியில் நான்கு ஷட்டர்களும் பின்பக்கம் பக்கவாட்டு வழியோடு ஒரு கூடமுமாகப் பிரித்தால் ஐந்து பேரில் ஒருவர் காலி செய்தாலும் மற்ற நால்வரின் வாடகை வரும்.

7. எந்த அனுமதிக்கு யாரிடம் போக வேண்டும்

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது, நீங்கள் எண்ணிய பயன் அதில் அனுமதிக்கப்பட்டதா என்பதை முதலில் கேளுங்கள். மற்ற எல்லா உரிமங்களும் இதன் மேல் நிற்கின்றன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள்தான் இப்போது பார்க்கப்படுபவை. தொழில் உரிமம் நகராட்சியில். உணவு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ. மருத்துவமனை, ஆய்வகம் என்றால் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு. பெண்கள் விடுதிக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம். தீயணைப்புத் துறையிடம் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். எந்தக் கருவியை எங்கே மாட்ட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

தொழிலுக்குரிய உரிமங்களை எடுப்பவர் வாடகைதாரர், கட்டிடத்துக்குரியவற்றை எடுப்பவர் உரிமையாளர் என்பதை முதல் பேச்சிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் மற்றவர் எடுப்பார் என்று நான்கு மாதம் காத்திருந்த ஒரு கட்டிடம் எனக்குத் தெரியும்.

8. சிறிதாக நடத்திப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த பயனை ஒரே அறையில் மூன்று மாதம் நடத்திப் பார்க்க வழி தேடுங்கள். வாசிப்புக் கூடத்துக்குப் பன்னிரண்டு மேசை, தையலுக்கு ஐந்து இயந்திரம், பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு மாலை. இந்தக் காலத்தில் சுவர் இடிக்கவோ தடுப்பு எழுப்பவோ கூடாது. தெருவில் கேட்ட தேவை காசு கொடுக்கும் தேவைதானா என்பது இதில்தான் தெரியும். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் துணிக்கும் பட்டாசுக்கும் இடம் கேட்டு வருவார்கள். துணிக்குக் கொடுங்கள், ஆள் தங்கும் மாடிக்குக் கீழே பட்டாசு வேண்டவே வேண்டாம்.

9. செலவைப் பிரித்துக் கணக்கிடுங்கள்

அடுத்து யார் வந்தாலும் பயன்படும் வேலை உரிமையாளர் செலவு: தளத்து ஒழுகல், கழிவறை, செப்டிக் டேங்க், மின் கம்பி, மாடிப்படி. அந்தத் தொழிலுக்கு மட்டும் பயன்படுவது வாடகைதாரர் செலவு: தடுப்பு அறைகள், குளிர்சாதனம், பெயர்ப்பலகை, இயந்திர மேடை. இந்தக் கோட்டைத் தாண்டி ஒருவருக்காக முழுதும் செய்து கொடுத்தவர்கள், அவர் போன பிறகு இடித்துத் தள்ளவும் செலவழித்தார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. பழுதுக்கு 6 லட்சம், வாடகை மாதம் 25,000 என்று வையுங்கள். ஆண்டில் இரண்டு மாதம் காலி என்று கொண்டால் வரவு 2,50,000. சொத்து வரி, வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுதுக்கு 50,000 போனால் மிச்சம் 2 லட்சம். போட்ட பணம் திரும்ப மூன்று ஆண்டு ஆகும். பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று எழுதிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இனிப்பாகவும் பின்னால் கசப்பாகவும் இருக்கும்.

சொத்து வரியை அரையாண்டின் முதல் முப்பது நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. காலிக் கட்டிடக்காரர்கள் பலர் இதையும் கோட்டை விடுகிறார்கள்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் எடுக்கும் வாடகைதாரர், வாடகைத் தொழிற்கூடச் செலவை அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத் திட்டச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்டத் தொழில் மையத்தில் இப்படி இடம் தேடுபவர்கள் வந்து போவார்கள். உங்கள் கட்டிடத்தின் அளவையும் மின் சுமையையும் ஒரு தாளில் எழுதி அங்கே சொல்லி வையுங்கள்.

10. ஒப்பந்தம்

பதிவைத் தவிர்க்கப் பதினொரு மாத ஒப்பந்தம் போடும் பழக்கம் இந்த வேலைக்குப் பொருந்தாது. பணம் திரும்ப மூன்று ஆண்டாகும் இடத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதினால், வாடகைதாரரும் முதலீடு செய்யமாட்டார். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு எழுதிச் சார்பதிவாளரிடம் பதியுங்கள். இதுபோக, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது; பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்ட பயனைப் பெயர் சொல்லி எழுதுங்கள். “வணிகப் பயன்பாடு” என்று பொதுவாக எழுதினால் மாடி குடோனாவதைத் தடுக்க வழியில்லை. தளத்துக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்று பொறியாளர் தந்த எண்ணையும் சேருங்கள். வாடகைதாரர் சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்றவராகவும் நீங்கள் பதிவு பெறாதவராகவும் இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு 2024 அக்டோபர் முதல் அவருடையது. தொகுப்பு முறையில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகர்களுக்கான முறை) வரி செலுத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பேசிய வாடகையில் இது அடங்குமா, அடங்காதா என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

11. வேலையின் வரிசை

மேலிருந்து கீழ், உள்ளிருந்து வெளியே. முதலில் மொட்டை மாடி ஒழுகலும் தட்டோடும். அது முடியாமல் கீழே பூசிய சுண்ணாம்பு அடுத்த மழையில் உரியும். பிறகு செப்டிக் டேங்கும் கழிவுக் குழாய்களும், தண்ணீர்க் குழாய்கள், மின் கம்பிக்கான குழாய்ப் பாதை. அதன் பின் பூச்சு, தரை, கதவு, வண்ணம். ரோலிங் ஷட்டரைக் கடைசியில் எண்ணெய் போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு வருடம் அசையாத ஷட்டர் துருவில் கடித்துக்கொண்டு, குடிவரும் நாளன்று பாதியில் நிற்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் சுவருக்குள் மறையப் போகும் குழாயையும் கம்பியையும் அளவு நாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். சாவி கொடுக்கும் நாளன்று இரு தரப்பும் நின்று மின் மீட்டர் அளவைப் படம் பிடித்து, தளம், கழிவறை, ஷட்டர் இருக்கும் நிலையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள்.